அடிவரை எரித்துப் பார்த்துத் திரியைத் தேர்ந்தெடுத்தல்

கண்ணாடி ஜாடியில் ஊற்றிச் செய்யும் மெழுகுவத்திக்கு எந்தத் திரி பொருந்தும் என்பதைத் திரி விற்பவரின் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முதல் நாள் அது எரியும் அழகைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. மெழுகு முக்கால்வாசி தீர்ந்து, சுடர் ஜாடியின் அடிப்பகுதிக்கு இறங்கிய பிறகு அந்தத் திரி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அதை ஏற்கவோ தள்ளவோ வேண்டும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே மெழுகுவத்தி செய்து விற்கத் தொடங்கியிருக்கும் எங்கள் அயல்கூட்டத்துப் (அக்கம்பக்கத்துச் சுயஉதவிக் குழு) பெண்களுக்கு இதை வாய்மொழியாகச் சொல்லி வந்தேன். கேட்பவர்கள் கூடிக்கொண்டே போவதால் இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

நம் வீடுகளில் திரி என்றால் பஞ்சைத் திரித்து, நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ நனைத்து, அகலில் இடுவதுதான். அங்கே எண்ணெய் ஏற்கெனவே நீர்மமாக இருப்பதால் திரி அதை உறிஞ்சிக் கொடுத்தால் போதும். சுடர் மங்கினால் தூண்டிவிட்டுக் கொள்ளலாம். மெழுகுவத்தியிலோ, திரி தன் சுடரின் வெப்பத்தாலேயே தனக்கு வேண்டிய எரிபொருளை உருக்கிக்கொள்ள வேண்டும். உருகியதை இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே மேலே இழுத்து ஆவியாக்க வேண்டும். சுடராக நாம் காண்பது அந்த ஆவி எரிவதைத்தான். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே இளையோருக்கு நிகழ்த்திய கிறிஸ்துமஸ் உரைகளில், சுடரின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டி, அதன் வழியே வெளியேறிய ஆவியை மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார். திரி சிறியதாக இருந்தால் உருக்கும் வெப்பம் போதாது. பெரியதாக இருந்தால் ஆவி அளவுக்கு மேல் எழுந்து, முழுவதும் எரிய முடியாமல் கரியாகிப் புகையும். திரித் தேர்வு என்பது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகலான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

பூசைக்குத் திரிக்கும் பஞ்சுத் திரியையே மெழுகில் முக்கிப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜாடிக்கு அது ஆகாது. முறுக்கிய திரி நிமிர்ந்தே நிற்பதால் அதன் நுனி சுடரின் உட்பகுதியிலேயே இருந்து, எரிந்து தீராமல் கரியாகச் சேர்கிறது. முறுக்கிய திரி மட்டுமே இருந்த காலத்தில், மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போதே நுனியை அவ்வப்போது கத்தரித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. 1825 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த காம்பசேரஸ் என்பவர் சடை போலப் பின்னிய திரியை அறிமுகப்படுத்திய பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. பின்னிய திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளைகிறது. வளைந்த நுனி, காற்று நன்றாகப் படும் சுடரின் வெளி விளிம்புக்கு வந்து சாம்பலாகிவிடுகிறது. இன்று நாம் வாங்கும் நல்ல திரி எதுவும் இந்தப் பின்னல் வழியில் வந்ததுதான்.

உருகிய மெழுகுக் குளத்தில் சாயாமல் நிற்பதற்காகச் சில திரிகளின் நடுவே காகிதமோ பருத்தியோ துத்தநாகக் கம்பியோ வைத்துப் பின்னுகிறார்கள். முன்பு ஈயக் கம்பியும் வைத்தார்கள். அதன் புகை குழந்தைகளுக்குத் தீங்கு என்பதால் அமெரிக்கா 2003 ஆம் ஆண்டில் அதைத் தடைசெய்தது. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் விலைமலிந்த கம்பித் திரிகளில் உள்ளே இருப்பது எந்த உலோகம் என்று விற்பவரால் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். சோயா மெழுகுக்கு நாங்கள் பயன்படுத்துவது ஈகோ, சி.டி. என்ற இரண்டு வரிசைகளைத்தான். இரண்டுமே பருத்திப் பின்னலோடு மெல்லிய காகித இழைகளைச் சேர்த்துச் செய்தவை. ஒரே வரிசைக்குள் எண் கூடக்கூடத் திரி பெரிதாகும். ஆனால் ஒரு வரிசையின் 8-ம் இன்னொரு வரிசையின் 8-ம் ஒன்றல்ல. வரிசை மாறினால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அட்டவணையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. எங்கே தொடங்குவது என்று அது சொல்லும். ஜாடியின் உள்விட்டத்தை அளந்து (வெளிவிட்டத்தை அளந்தால் கண்ணாடியின் கனமும் சேர்ந்து கணக்குப் பிழைக்கும்), மெழுகின் வகையைப் பார்த்து, அட்டவணை சொல்லும் எண்ணையும் அதற்குக் கீழே உள்ள இரண்டு எண்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள இரண்டு ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எங்கள் வழக்கமான ஜாடி 7 செ.மீ. உள்விட்டமும் 8 செ.மீ. உயரமும் கொண்டது; 6 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினால் ஏறக்குறைய 200 கிராம் மெழுகு கொள்ளும். இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் அந்த ஜாடிக்கு உரியவை.

சோதனைக்கு ஊற்றும் ஜாடிகளில் திரி ஒன்றைத் தவிர வேறெதுவும் வேறுபடக் கூடாது. ஒரே மூட்டை மெழுகு, ஒரே நறுமண எண்ணெய், ஒரே விழுக்காடு, ஒரே நாள் ஊற்றியது என்று இருந்தால்தான் வேறுபாடு திரியால் வந்தது என்று சொல்ல முடியும். சோயா மெழுகை ஊற்றிய மறுநாளே பற்றவைக்கவும் கூடாது. உள்ளே அதன் படிகங்கள் இறுகி நிலைபெற ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் எரித்தால் வேறு முடிவு வரும். திரியின் அடித்தகட்டில் 6 மி.மீ. உயரத்துக்குக் கழுத்து உள்ளதாகப் பார்த்து வாங்குவது அவசியம். மெழுகு அந்தக் கழுத்துக்குக் கீழே இறங்கியதும் திரிக்கு எரிபொருள் கிடைக்காமல் சுடர் தானாகவே அணையும். கழுத்தில்லாத தகட்டில் சுடர் கண்ணாடியின் அடியையே தொட்டு அதை விரிசல்விடச் செய்துவிடலாம்.

பல எண்களை ஒரே நாளில் வடிகட்ட ஒரு வழி உண்டு. திரியே வைக்காமல் ஜாடிகளில் மெழுகை ஊற்றி இறுகவிட்டு, பிறகு நடுவில் ஒரு ஸ்வெட்டர் ஊசியால் துளையிட்டு, வெவ்வேறு எண் திரிகளைச் செருகி எரித்துப் பார்க்கலாம். ஒரு திரி சரியில்லை என்றால் உருவி எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகலாம், மெழுகு வீணாகாது. ஆனால் இந்த வழி மேற்பரப்பில் எப்படி எரியும் என்பதை மட்டுமே காட்டும். முற்றிலும் பொருந்தாதவற்றை ஒதுக்க மட்டும் இதைப் பயன்படுத்திவிட்டு, மிஞ்சியவற்றை முறையாகத் தகட்டோடு ஒட்டி ஊற்றி அடிவரை எரிக்க வேண்டும்.

முதல் எரிப்புக்கு முன் திரியை 5 அல்லது 6 மி.மீ. விட்டு நறுக்கி, ஜாடியை எடைபோட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு பற்றவைக்கிறோம். விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியவிட வேண்டும் என்பது மெழுகுவத்தி செய்பவர்களிடையே வழங்கும் பொதுவான கணக்கு, 7 செ.மீ. ஜாடிக்கு அது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். நாங்கள் அதைவிடக் கூடுதலாக எரியவிட்டு, நான்கு மணி நேரம் ஆனதும் அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, மறுபடி எடைபோட்டு, மறுபடி நறுக்கி, அடுத்த எரிப்பைத் தொடங்க வேண்டும். இப்படி மெழுகு தீரும்வரை.

இந்த முதல் எரிப்பில்தான் பெரும்பாலோர் தவறான திரியின் பக்கம் சாய்கிறார்கள். நான் ஏற்கும் திரி, முதல் எரிப்பில் கண்ணாடிச் சுவரைத் தொடாது. குளம் ஓரத்தை நெருங்கி, அரை செ.மீ. அளவுக்கு வெள்ளை மெழுகைச் சுவரில் வளையமாக விட்டுவிட்டு நின்றுவிடும். சுடரும் இரண்டு செ.மீ. உயரத்தில் அடக்கமாக இருக்கும். பார்ப்பவர்களுக்கு இது குறையாகப் படுகிறது. எங்கள் கூட்டத்தில் வயதில் இளையவள் ஒருத்தி முதன்முறையாக இதைப் பார்த்தபோது, "அக்கா, தீ இத்தனை சின்னதா இருந்தா யாரு வாங்குவாங்க? பக்கத்து ஜாடியில பாருங்க, ஓரம் வரைக்கும் எப்படி உருகியிருக்குது!" என்றாள். பக்கத்து ஜாடியில் இருந்தது இரண்டு எண் பெரிய திரி. "அதையும் அணைக்காம அப்படியே வெச்சுக்கோ கண்ணு, ரெண்டும் பாதி தீரட்டும், அப்பறம் நீயே சொல்லு" என்றேன்.

பாதி தீர்ந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. சுடர் ஜாடியின் விளிம்புக்குக் கீழே இறங்க இறங்க, சுற்றுச்சுவர் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலெழும் சூடான காற்று கண்ணாடியைச் சூடாக்க, சூடேறிய கண்ணாடி மெழுகின் ஓரத்தை உருக்குகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள அடியில் முன்பிருந்த அளவுக்கு மெழுகும் இல்லை. சின்னத் திரி வைத்த ஜாடியில், சுவரில் தங்கியிருந்த வெள்ளை வளையம் அடுத்தடுத்த எரிப்புகளில் மேலிருந்து மெல்லிய ஏடாகக் கழன்று, குளத்துக்குள் சரிந்து கரைந்துவிடுகிறது. கண்ணாடி தெளிவாகிறது, குளத்தின் ஆழம் 6 முதல் 12 மி.மீ. என்ற அளவில் நிற்கிறது. முதல் நாள் அழகாக எரிந்த பெரிய திரியோ, இப்போது நான்கு செ.மீ. உயரத்துக்குச் சுடரை நீட்டி ஆடுகிறது. ஜாடியின் வாய் வழியாகவே சூடான காற்று வெளியேறவும் புதிய காற்று உள்ளே இறங்கவும் வேண்டியிருப்பதால் சுடர் நிலைகொள்ளாமல் துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஓர் இழை கரும்புகையை விடுகிறது. விளிம்பின் உட்புறத்தில் கரி படிந்துவிடுகிறது. திரியின் நுனியில் காளான் குடைபோல் கரி முடிச்சுக் கட்டி, அதில் ஒரு துண்டு உதிர்ந்து குளத்தில் மிதக்கிறது. அந்தப் பெண் இரண்டையும் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை. இப்போது புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான்.

கரி முடிச்சைப் பற்றி ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடுகளவு முடிச்சு எந்தத் திரியிலும் வரும். நறுமண எண்ணெய் கூடினால் நிச்சயம் வரும். அதை மட்டும் வைத்துத் திரியைத் தள்ளிவிடக் கூடாது. புகை, உயர்ந்த சுடர், ஆழமான குளம் ஆகியவற்றோடு சேர்ந்து வந்தால்தான் அது திரி பெரிது என்பதற்கு அடையாளம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. திரி மிகச் சிறியதாக இருந்தால் சுடர் தன் காலடி மெழுகை மட்டுமே உருக்கி, நேராகக் கீழே இறங்கும்; சுற்றிலும் சுவர் எழும்பி நடுவே கிணறு விழும். கடைசியில் உருகிய மெழுகு திரியை மூழ்கடித்து அணைத்துவிடும். நல்ல திரி முதலில் விடும் வளையத்தையும் கிணற்றையும் எப்படிப் பிரித்தறிவது என்றால், மூன்றாவது எரிப்பின் முடிவில் பார்க்க வேண்டும். வளையம் மெலிந்து வந்தால் திரி சரி. சுவர் உயர்ந்துகொண்டே போனால் ஓர் எண் பெரிதாக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பாமல் எடையையும் வெப்பத்தையும் எழுதி வைப்பது அவசியம். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். எரிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள எடை வேறுபாட்டை மணிக்கணக்கால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிராம் எரிகிறது என்று கிடைக்கும். எங்கள் ஜாடிக்கு அது ஐந்து கிராமை ஒட்டி இருந்தால் நிறைவாக இருக்கிறது. 200 கிராம் மெழுகு நாற்பது மணி நேரத்தை நெருங்கி எரியும் என்று வாங்குபவரிடம் சொல்லவும் முடிகிறது. இந்த எண் மேலிருந்து அடிவரை பெரிதாக மாறாமல் வந்தால் திரி நல்லது. கீழே போகப்போக எரியும் வேகம் கூடிக்கொண்டே போனால், கண்ணுக்குச் சுடர் ஒழுங்காகத் தெரிந்தாலும் அந்தத் திரியை நான் ஏற்பதில்லை.

கண்ணாடியின் வெளிப்பக்கம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பதை எல்லையாக வைத்திருக்கிறேன். இதை அளக்கத் தொடாமல் பார்க்கும் வெப்பமானி வேண்டும். கொரோனா நாட்களில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி பலர் வீட்டில் இருக்கிறது. அது உடல் வெப்ப அளவோடு நின்றுவிடும், இதற்கு உதவாது. பட்டறைகளில் பயன்படுத்தும் வகைதான் வேண்டும். தகர டப்பாவில் ஊற்றுபவர்கள், பளபளப்பான தகரத்தின் மேல் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் கொண்டு, வெளியே ஒரு துண்டு காகித ஒட்டுநாடாவை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துத் தீர்மானிப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 60 டிகிரி சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும்.

அட்டவணைக்குக் கீழே உள்ள எண்களை வாங்கச் சொன்னதற்கு நம் ஊரின் வெயில்தான் காரணம். பெரும்பாலான அட்டவணைகள் குளிர்நாடுகளில், இருபது டிகிரியை ஒட்டிய அறைகளில் எரித்துப் பார்த்துத் தயாரித்தவை. கேரளத்தில் மிக வெப்பமான மாவட்டங்களில் பாலக்காடு ஒன்று; மார்ச், ஏப்ரலில் வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்களில் வீட்டுக்குள் இரவிலும் 32, 33 டிகிரி இருக்கும். சோயா ஜாடி மெழுகு உருகுவது 50 டிகிரியை ஒட்டி. அங்கே சுடர் மெழுகை முப்பது டிகிரி சூடாக்க வேண்டிய இடத்தில் இங்கே பதினெட்டு டிகிரி சூடாக்கினால் போதும். ஆகவே அட்டவணை ஈகோ 10 என்று சொன்ன இதே ஜாடிக்கு எங்கள் வீட்டில் ஈகோ 8 அடிவரை ஒழுங்காக எரிகிறது. மூணாற்றில் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் என் சித்தி மகளுக்கு இதே ஜாடியைக் கொடுத்தனுப்பியபோது, "அக்கா, ஓரமெல்லாம் உருகாம அப்படியே நிக்குதே" என்று மார்கழிக் குளிரில் அழைத்துச் சொன்னாள். ஜாடியும் மெழுகும் திரியும் ஒன்றுதான், அறை வேறு. இப்போது மலைப்பக்கம் போகும் ஜாடிகளுக்கு ஈகோ 10 வைத்துத் தனியாகக் குறியிடுகிறோம்.

வெயிலுக்கு அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் கணவாயில் குடியிருப்பதால் நமக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் வீசும் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று சன்னல் வழியாக வந்தால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் சூடேறி, குளம் கோணலாகிவிடும். புகை வருவது திரியாலா காற்றாலா என்று தெரியாமல் போகும். அதனால் சோதனையை மின்விசிறி இல்லாமல், சன்னல் சாத்திய அறையில் செய்ய வேண்டும். திரி முடிவான பிறகு, அதே ஜாடியைக் கூடத்தில் மின்விசிறி மெதுவாகச் சுழலும்போதும் ஒரு முறை எரித்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் வாங்குபவர் வீட்டில் அது அப்படித்தான் எரியப் போகிறது. கடிகார எதிர்த்திசையில் ஜாடியைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தும் குளம் அதே அறைப்பக்கம் சாய்ந்தால் காற்று; ஜாடியோடு சேர்ந்து சாய்வும் திரும்பினால் திரி நடுவில் ஒட்டப்படவில்லை என்று பொருள்.

நறுமணம் மாறினால் திரியும் மாறலாம் என்பதை நம்ப மறுப்பவர்கள் பலர். எலுமிச்சைப்புல் தைலம் தண்ணீர்போல் ஓடும். வெட்டிவேர்த் தைலம் பாகுபோல் கெட்டியாக, புட்டியைக் கவிழ்த்தாலும் இறங்க மறுக்கும். இரண்டையும் ஒரே விழுக்காட்டில் ஒரே மெழுகில் கலந்தாலும் திரியின் வழியே ஏறும் வேகம் ஒன்றாக இருக்காது. எலுமிச்சைப்புல்லுக்குப் பொருந்திய திரி வெட்டிவேர் ஜாடியில் சுடர் குன்றிப்போய்த் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வனிலாச் சாயலுள்ள நறுமணங்களும் இப்படித்தான் திரியை அடைக்கின்றன. நிறத்துக்குக் குழந்தைகளின் மெழுகுச் சித்திரக்கோல்களை உருக்கிச் சேர்ப்பது வேண்டாம். அவற்றில் இருப்பது மெழுகில் கரையாத வண்ணத்தூள், அது திரியின் இழைகளில் போய் அடைத்துக்கொள்ளும். மெழுகில் கரையும் சாயம் தனியாகக் கிடைக்கிறது, அதைக் குறைவாகச் சேர்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று மெழுகில் தாராளமாக ஊற்றுவதும் கூடாது. 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும் எண்ணெய் நம் ஊரில் மெழுகை இறுகவே விடாது.

பத்து செ.மீ. அகல ஜாடிகளுக்கு ஒரு பெரிய திரியைவிட இரண்டு சிறிய திரிகள் நன்றாக எரிகின்றன. ஆனால் இரண்டு சுடர்கள் ஒன்றையொன்று சூடாக்குவதால், அடிப்பகுதியில் வெப்பம் கூடுவது ஒற்றைத் திரியைவிட அதிகமாக இருக்கும். அங்கே கண்ணாடி வெப்பத்தை ஒவ்வொரு மணியும் அளப்பது கட்டாயம்.

சிரட்டை மெழுகுவத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் நமக்குச் சிரட்டை செலவில்லாமல் கிடைக்கிறது; மெருகேற்றினால் அழகாகவும் இருக்கிறது; கைவினைச் சந்தைகளில் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் திரியின் கண்ணோடு பார்த்தால் இதைவிடக் கடினமான கலம் இல்லை. வாய்ப்பக்கம் பத்து செ.மீ. அகலம் இருந்தால் பாதி ஆழத்தில் எட்டு, அடியில் நான்கு என்று குறுகிக்கொண்டே போகிறது. மேலே பொருந்தும் திரி கீழே இரண்டு மடங்கு பெரிதாகிவிடுகிறது; கீழே பொருந்தும் திரி மேலே கிணறு விழச் செய்கிறது. ஜாடியில் கண்ணாடி சூடாவதோடு நிற்கிறது, இங்கே கலமே விறகு. இஸ்திரிப் பெட்டிக்குக் கரி தரும் சிரட்டை எப்படி எரியும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிரட்டையில் திரி வைத்து எரிப்பதற்கென்று எதையும் நாங்கள் விற்பதில்லை என்று கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். விருப்பப்படுபவர்களுக்கு, சிரட்டையின் உள்ளே கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை உட்காரவைத்து, அந்தக் கிண்ணத்தில் மட்டும் மெழுகு ஊற்றிக் கொடுக்கிறோம்.

முறைப்படி நறுக்கி, நான்கு மணி நேரம் எரித்து அடிவரை தேறிய திரிக்குக் கடைசியாக ஒரு கடுஞ்சோதனை வைக்க வேண்டும். வாங்குபவர் எல்லோரும் திரியை நறுக்க மாட்டார்கள். மின்சாரம் போன இரவில் பற்றவைத்ததை நான்கு மணி நேரத்தில் அணைக்கவும் மாட்டார்கள். அதனால் ஒரு ஜாடியை ஒரு முறைகூட நறுக்காமல், இடையில் ஓரிரு முறை ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கவனிக்க வேண்டும். கல் மேடையின் மேல் வைத்து, அருகில் திரைச்சீலை இல்லாமல் பார்த்துக்கொண்டு, சுடரை மூடி அணைக்க ஒரு தட்டும் தயாராக இருக்கட்டும். எரியும் மெழுகின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீர் நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் மெழுகைச் சிதறடிக்கும். இந்தச் சோதனையில் கொஞ்சம் புகையும் பெரிய முடிச்சும் வரலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணாடி 60 டிகிரியைத் தாண்டினாலோ, குளத்தில் விழுந்த கரித்துண்டு தனியாகத் தீப்பற்றினாலோ, அந்தத் திரி எவ்வளவு அழகாக எரிந்திருந்தாலும் விற்பனைக்கு உரியதல்ல. ஓர் எண் இறக்கி மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இவ்வளவும் முடிந்த பிறகு நாங்கள் ஜாடியின் அடியில் ஒட்டும் சீட்டில் மூன்று செய்திகளை அச்சிடுகிறோம்: ஒவ்வொரு முறையும் திரியை அரை செ.மீ. விட்டு நறுக்குக, நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள், அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுக. இப்போதைக்கு எலுமிச்சைப்புல் ஜாடிக்கு ஈகோ 8, மணமில்லாத ஜாடிக்கு ஈகோ 6 என்று உறுதியாகிவிட்டது. வெட்டிவேருக்கு ஈகோ 10-ம் சி.டி. 10-ம் ஊற்றி ஆறவைத்திருக்கிறோம். ஆடிக் காற்று தணிந்து, சன்னலைச் சாத்தினால் சுடர் ஆடாத நாட்கள் வந்ததும் அவற்றை அடிவரை எரிக்கத் தொடங்குவோம்.